நான் நடத்திய கடலும் அவர் நடத்திய கடலும்

2013ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், படப்பையில் உள்ள என் வீட்டு மாடிக் கூடத்தில் இது நிகழ்ந்தது. தமிழாசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்று அப்போது எனக்கு ஆறாண்டுகள் ஆகியிருந்தன. ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த இருவர் என் வீட்டில் வாடகைக்கு இருந்தனர். கீழ் அறையில் தரப் பரிசோதனைப் பிரிவைச் சேர்ந்த மதுரைப் பெண். மாடி அறையில் உதிரிபாகங்கள் பொருத்தும் வரிசையில் நின்ற தூத்துக்குடிக்காரர்.

மதுரைப் பெண்ணுடன் வேலை பார்த்த வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் ஊர் திரும்புகையில் ஒரு பெட்டியை அவரிடம் தந்துவிட்டுப் போயிருந்தார். அதில் ஒரு தடித்த ஆங்கில நூலும் இருபது முகங்கள் கொண்ட பகடைகளும் இருந்தன. ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அமர்ந்து, தாம் செய்வதை வாயால் சொல்வார்கள்; முயற்சி பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இதுதான் ஆட்டம். நூலைப் படித்து விளக்க என்னை அழைத்தார்கள். கதை நடத்தும் நாற்காலியில் நானே அமர்ந்துகொண்டேன். வல்லக்கோட்டையிலிருந்து, தூத்துக்குடிக்காரரின் தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர் ஒருவரும் வந்து சேர, ஞாயிறு பிற்பகல்தோறும் ஆட்டம் களைகட்டியது.

காடும் மலையும் முடிந்து, கதை கடலுக்குள் இறங்கியது. என் சொல்வளம் முழுவதையும் அன்று கொட்டினேன் என்பதைத் தன்னடக்கமின்றியே சொல்கிறேன். பளிங்கு நீர், பவழ மாடங்கள், முத்தொளி வீசும் வீதிகள், நாவின்கீழ் வைத்தால் மூச்சுத் தரும் மந்திர மணி. வீரர்கள் தரையில் நடப்பதுபோல் நடந்தார்கள், வாள் சுழற்றினார்கள், பேழையைக் கவர்ந்துகொண்டு அம்பெனப் பாய்ந்து மேலே வந்தார்கள். தூத்துக்குடிக்காரர் பகடையைக்கூட உருட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சங்கு குளிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மறு ஞாயிறு அவர் வந்தபோதே முகம் மலர்ந்திருந்தது. "புதன்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சு டீச்சரம்மா. ஊர்ல மறுபடி படகுல கம்ப்ரசர் போட்டு, குழாயில காத்து வாங்கிச் சங்கெடுக்கப் போறேன். போன வாரம் நீங்க சொன்னதக் கேட்டதுல இருந்து கடல் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு" என்றார். மேற்பார்வையாளர் ஒப்பந்தத்தை நீட்டிக்கத் தயாராக இருந்தும் வேண்டாமென்று மறுத்துவிட்டாராம்.

என் சொல்லுக்கு இத்துணை ஆற்றலா என்று உள்ளம் பூரித்தது. ஒன்றும் விசாரிக்கவில்லை. "கடல் உங்களுக்குத் தாய்வீடு, தம்பி. தயங்காமல் சென்று வாருங்கள்" என்று வாழ்த்தினேன். அந்த வாழ்த்தை எண்ணி இன்றும் நாணுகிறேன்.

ஆட்டம் தொடங்கியது. சிறிது நேரத்தில் ஃபோர்க்லிஃப்ட்காரரின் குள்ள வீரன் ஆழ்கடலிலிருந்து ஒரே மூச்சில் மேலெழுந்தான். அவன் நலமாகக் கரையேறினான் என்று அறிவித்தேன்.

"இல்ல டீச்சரம்மா. அவன் பொழைக்க மாட்டான்" என்றார் தூத்துக்குடிக்காரர்.

"இது கற்பனைக் கடல், தம்பி."

"கடல் கற்பனையா இருக்கட்டும். ரத்தம் மனுச ரத்தந்தான?"

நான் கடலைக் கரையில் நின்று மட்டுமே கண்டவள். கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. நாற்காலியை விட்டெழுந்து, "அப்படியானால் இன்றைய கடலை நீங்களே நடத்துங்கள்" என்றேன். அதில் சற்றே சினமும் இருந்தது.

அவர் தயங்கித் தயங்கித்தான் அமர்ந்தார். மந்திர மணிகளை முதலில் பறித்துக்கொண்டார். ஆளுக்கொரு தோற்குழாய், மேலே படகில் ஒருவர் துருத்தி மிதித்துக் காற்றனுப்புவார். பன்னிரண்டு பாகம், அதாவது எழுபதடிக்கு மேல் ஆழம். பளிங்கு நீர் இல்லை. நீட்டிய கை முழங்கைக்கு மேல் தெரியாது. காதுக்குள் ஊசி ஏறும். பேச்சு கிடையாது, கயிற்றைச் சுண்டித்தான் செய்தி சொல்ல வேண்டும். அந்தக் கயிற்றில் மூன்று முடிச்சுகள். மேலே வருகையில் ஒவ்வொரு முடிச்சிலும் நெடுநேரம் நின்று வர வேண்டும்; நில்லாமல் ஏறினால் ரத்தத்தில் கரைந்த காற்று சோடாவாக நுரைத்துவிடும்.

நானும் ஒரு வீராங்கனையாக இறங்கினேன். அலங்காரம் ஏதுமற்ற அவருடைய சொற்களில் எனக்கு மெய்யாகவே மூச்சு முட்டியது.

அப்போது பெருமீன் ஒன்று ஃபோர்க்லிஃப்ட்காரரின் குழாயைக் கிழித்தது. பக்கத்திலிருந்த மதுரைப் பெண்ணின் குழாயில் மாற்றி மாற்றி மூச்சு வாங்கலாம். ஆனால் இருவரும் முடிச்சுக்கு முடிச்சு நின்றே வர வேண்டும் என்றார் தூத்துக்குடிக்காரர்.

"நிக்கிறதுக்கு அது இன்னா பஸ் ஸ்டாப்பாண்ணா? நான் மேல போறேன்" என்று ஃபோர்க்லிஃப்ட்காரர் பகடையைக் கையிலெடுத்துக் குலுக்கினார்.

தூத்துக்குடிக்காரர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். "இதுக்கு டைஸ் கெடையாது தம்பி. முதல்ல ஒண்ணுந் தெரியாது. படகுல ஏறிச் சிரிச்சிக்கிட்டே டீ கேப்ப. குடிச்சிட்டு டம்ளரக் கீழ வைக்கக் குனிவ. அப்பத்தான் தெரியும், இடுப்புக்குக் கீழ உனக்கு ஒண்ணுமே இல்லன்னு."

ஃபோர்க்லிஃப்ட்காரர் பகடையை மெல்லக் கீழே வைத்தார்.

"அண்ணே, இது யாருக்கு ஆச்சு?" என்று கேட்டார்.

"எனக்குத்தான். நாப்பது நாள் பாயில கெடந்தேன். இடது பாதம் இப்பவும் பாதி மரத்துத்தான் கெடக்கு. கூட வந்த மச்சான் எந்திரிக்கவே இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்குண்ணா திரும்ப அங்க போற?"

அவர் பகடைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார். நான் என் வாழ்த்தைத் திரும்பப் பெறும் வழியறியாது அமர்ந்திருந்தேன். முப்பதாண்டுகள் வகுப்பறையில் சொல்லையே தொழிலாகக் கொண்டவளுக்கு அவ்வேளையில் ஒரு சொல்லும் உதவவில்லை. இறுதியில், "தம்பி, நான் சொன்ன கடல் நான் பார்க்காத கடல்" என்று மட்டும் கூறினேன். "தெரியும் டீச்சரம்மா. அதான் அவ்வளவு நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

புதன்கிழமை மாலை அவர் அறை பூட்டியிருந்தது. துணிப்பை தோளில் தொங்க நான்கு மணிக்கே வெளியேறினார் என்றார் மதுரைப் பெண். அன்று எனக்கு உணவு செல்லவில்லை.

வியாழன் காலை கோலமிட வெளியே வந்தேன். மாடிப்படியின் கீழ்ப்படியில் அவருடைய கனத்த தொழிற்சாலைக் காலணிகள், இடதுகாலின் குதிகால் மட்டும் தேய்ந்து, ஈரமண்ணோடு கிடந்தன. பிறகு ஃபோர்க்லிஃப்ட்காரர்தான் சொன்னார்: பயணச்சீட்டோடு தாம்பரம் வரை சென்றவர், அங்கிருந்தே மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்து, ஷேர் ஆட்டோ பிடித்து நேரே தொழிற்சாலைக்குத் திரும்பி, இரவு ஷிஃப்டில் நின்றிருக்கிறார்.

அதன்பின் ஈராண்டுகள் எங்கள் ஆட்டம் தொடர்ந்தது. தரையில் நடக்கும் கதைகளை நான் நடத்தினேன். நீருக்குள் இறங்கும் கதை எதுவாயினும் நாற்காலி அவருடையது. என் வீராங்கனை அவசரப்படும்போதெல்லாம், "முடிச்சுல நில்லுங்க டீச்சரம்மா" என்பார்.

இப்போதும் சொற்கள் எனக்குத் தடையின்றி வருகின்றன, அந்த நம்பிக்கையை நான் இழக்கவில்லை; ஆயினும் நான் வாழ்ந்தறியாத ஒரு வாழ்வை எவர்க்கேனும் அழகாக எடுத்துரைக்க வாய் திறக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கயிற்றைப் பற்றிக்கொண்டு, மூன்று முடிச்சுகளிலும் நின்றே மேலே வருகிறேன்.