அன்புச்செல்வி எழுதிய உயிரியல் பரீட்சை

அன்புச்செல்வியைப் பெண் பார்க்க வந்தபோது, பெண் பன்னிரண்டாவது படித்திருக்கிறாள் என்று அவள் அப்பா சொன்னார். பொய்யில்லை, படித்தாள். உயிரியலில் பெயிலானதை மட்டும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் இதெல்லாம் சகஜம். ஜாதகத்தைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள், மார்க் ஷீட்டை எவன் பார்க்கிறான்!

கல்யாணமாகி அடி அண்ணாமலைக்கு வந்தாள். புருஷன் வளவன் லாரி டிரைவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். மாமியார் ஜோதியம்மாள் கிரிவலப் பாதையில் பூக்கடை வைத்திருந்தாள். நாத்தனார் கீர்த்தனா எட்டாவது படித்தாள். அன்புச்செல்விக்கு டவுனில் ஒரு கிளினிக்கில் உதவியாளர் வேலை. தன் மருமகள் பன்னிரண்டாவது பாஸ் என்று ஜோதியம்மாள் பூ வாங்க வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அன்புச்செல்வி ஏதோ வேலை இருப்பது போல நகர்ந்துவிடுவாள்.

தீபாவளி முடிந்ததும் கிளினிக் மேனேஜர் சுரேஷ்குமார் எல்லோரையும் கூப்பிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து பன்னிரண்டாவது பாஸ் ஆனவர்களுக்குத்தான் வேலை, மே மாதம் மார்க் ஷீட்டைக் காட்ட வேண்டும் என்றார். அன்புச்செல்விக்கு வீட்டு நினைப்புதான் வந்தது. வேலை போனால் ஏன் போச்சு என்று வீட்டில் கேட்பார்களே, என்னவென்று சொல்வது? ஏமாற்றிக் கட்டி வைத்த குடும்பம் என்று ஆகிவிடாதா? அப்பா முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

யாருக்கும் தெரியாமல் தனித்தேர்வராகப் பணம் கட்டினாள். புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் கலங்கியது. மாதிரித் தேர்வு எழுதிப் பழகினால் பயம் தெளியும் என்று எங்கோ கேட்டிருந்தாள். சரி, அதை எங்கே போய்த் தேடுவது? டியூஷன் சென்டரில் கேட்டால், சேர்ந்து படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று கையை விரித்துவிட்டார்கள். தேரடித் தெரு ஜெராக்ஸ் கடைக்குப் போனால், அங்கே கீர்த்தனாவின் தோழியுடைய அம்மா நின்றிருந்தாள். அன்புச்செல்வி ஒரு பேனாவை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

கடைசியில் போனில் தேடி, பரீட்சைப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் சேர்ந்தாள். அடையாளம் தெரியக்கூடாதென்று தன் படத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூவை வைத்தாள். மாதிரித் தேர்வுகள் அங்கே கொட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றின் கடைசியிலும் விடை இருந்தது: ஒன்று இ, இரண்டு அ, மூன்று ஈ.

இங்கேதான் அவள் புத்தி கெட்டுப்போனது. செய்முறை மார்க்கோடு ஒரு மார்க் கேள்விகளை முழுசாகப் போட்டாலே பாஸ் என்று குரூப்பில் எவனோ சொல்லியிருந்தான். பெரிய கேள்விகளைப் பார்த்தாலே இவளுக்கு உதறல், அதனால் சின்னதையே பிடித்துக்கொண்டாள். அதிலும் ஒன்று தப்பானால் அன்றைக்கு அதோடு மூடிவைத்துவிடுவாள். தப்பைப் பார்க்கப் பயந்து, விடையை முதலில் பார்த்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். மலேரியா பரப்பும் கொசுவா, இ. கிளினிக் ஸ்டோர் ரூமில் சாப்பாட்டு நேரத்தில் எழுதினாள். பௌர்ணமியன்று மாமியாரும் நாத்தனாரும் கடையே கதியென்று கிடக்க, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். முழு மார்க், மறுபடி முழு மார்க். பயம் கொஞ்சம் கம்மியானது. பாவிப் பெண் அதைப் படிப்பு என்று நினைத்துவிட்டாள்.

பரீட்சையன்று கிளினிக்குக்குப் போவது போலவே டிபன் பாக்ஸோடு கிளம்பினாள். வினாத்தாளைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த கேள்விகள்! மடமடவென்று எழுத்துகளைப் போட்டாள். எழுத்துக்குப் பக்கத்தில் விடையையும் எழுத வேண்டும். மலேரியாக் கேள்விக்கு இ போட்டுவிட்டு, இ-யில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். கியூலெக்ஸ் என்றிருந்தது. கிளினிக் சுவரில் மலேரியா போஸ்டரில் தினமும் பார்க்கிற அனோபிலஸ் அ-வில் உட்கார்ந்திருந்தது.

அடுத்ததைப் பார்த்தாள், அதுவும் மாறியிருந்தது. வினாத்தாளின் தலையில் பி வகை என்று அச்சடித்திருந்தார்கள். பக்கத்தில் பார்த்து எழுதாமலிருக்க இரண்டு வகைத் தாள் கொடுப்பதும், விடைகளை வரிசை மாற்றிப் போடுவதும் அவள் பள்ளிக்கூடத்திலேயே பார்த்ததுதான். பயத்தில் அது நினைவுக்கே வரவில்லை. போட்டதையெல்லாம் அடித்தாள். கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அந்தக் கொசுவைத் தவிர மற்றதுக்கெல்லாம் எழுத்துதான் வந்தது, விடை வரவில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்தது. பெயில். மேனேஜரிடம் தானே போய்ச் சொன்னாள். துணைத்தேர்வு எழுதி அதில் பாஸானால் வேலை இருக்கும், அதுவரை பொறுத்துக்கொள்கிறேன், இந்த முறையாவது வீட்டில் உட்கார்ந்து ஒழுங்காகப் படி என்றார் சுரேஷ்குமார். வீட்டில் உட்கார்ந்து! வீட்டுக்குத் தெரியக்கூடாதென்றுதானே இத்தனை நாளாகச் செத்துச் செத்துப் பிழைத்தாள்.

சாயங்காலம் வீடு வந்தபோது ஜோதியம்மாள் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். கீர்த்தனா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அன்புச்செல்வி உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, நான் பன்னெண்டாவது பாஸ் பண்ணலை. உயிரியல்ல பெயிலு. யாருக்கும் தெரியாம இந்த வருஷம் மறுபடி எழுதினேன். அதுலயும் பெயிலாயிட்டேன்."

ஜோதியம்மாளின் கை நின்றது.

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"எத்தினி பேருகிட்ட சொல்லியிருக்கேன் நானு," என்றாள் ஜோதியம்மாள். பூவை மறுபடி கையில் எடுத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அன்புச்செல்விக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அழுதால் நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும். பையிலிருந்து உயிரியல் புத்தகத்தை எடுத்து கீர்த்தனாவிடம் நீட்டினாள். கேள்வியை மட்டும் கேள், அ ஆ இ ஈ எதையும் படிக்காதே என்றாள். கீர்த்தனா அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு டிவியை நிறுத்தினாள். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, திக்கித் திக்கி ஒரு கேள்வியைப் படித்தாள்.

அன்புச்செல்வி யோசித்தாள். மாமியார் காதில் விழுமே என்று உடம்பு கூசியது.

"தெரியலை கீர்த்தனா," என்றாள். "அடுத்தது கேளு."

"அடுத்ததுக்கு ஏன் போறே?" என்றாள் ஜோதியம்மாள், பூவிலிருந்து தலையைத் தூக்காமல். "இதுக்கு என்னான்னு பார்த்துச் சொல்லுடி அண்ணிக்கு."