தேயிலைக்குள் போனால் அவுட்

மெல்பேர்னில் நான் விளையாடும் ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் பந்து வேலி தாண்டிப் போனால் கைதட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா பூச்செடிக்குள் விழுந்த பந்தைத் தேடி எடுத்து, சிரித்துக்கொண்டே எறிகிறார். வந்து இத்தனை வருடமாகியும் அந்தச் சிரிப்பு எனக்குப் பழகவில்லை. எரிச்சல்தான் வருகிறது.

போன வாரம் எங்கள் கேப்டன் கிரெக் என் தோளில் கை போட்டான். "மேட், முதல் பத்து ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டே பேர்தான். தலைக்கு மேல் தூக்கி அடி. இப்படி ஒன்று ஒன்றாகத் தட்டிக்கொண்டிருந்தால் உனக்கு அணியில் இடமில்லை" என்றான். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிட்டான். "ஓகே, ஓகே" என்றேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தூக்கி அடிக்கத் தெரியாமலா? இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கும் தேயிலைக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம்தான் மைதானம். அங்கே தேயிலைக்குள் பந்து போனால் சிக்ஸ் இல்லை, அவுட். அது நாங்களாகப் போட்ட சட்டமா? வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து, "செடி ஒடிஞ்சா தொரைக்கு யாருடா பதில் சொல்றது? இனி பேட்டைக் கண்டேன்னா அடுப்புல வச்சிருவேன்" என்று கத்திவிட்டுப் போனார். அந்தச் செடியை நட்டவர்கள் எங்கள் ஆட்கள், கொழுந்து பறிப்பவர்கள் எங்கள் அம்மாமார். ஒரு கிளை ஒடிந்தால் குற்றவாளி நாங்கள்! ஆகவே ஆட்டத்தின் வியூகமே மாறியது. லாங்-ஆனில் ஆளே நிறுத்தமாட்டோம், தேயிலை பிடித்துக்கொள்ளும். பந்து வீசுகிறவன் மெதுவாகத் தூக்கிப் போட்டு ஆசை காட்டுவான். அடிக்கிறவன் தரையோடு தட்டிவிட்டு ஓடுவான்.

எங்களில் யோகராஜ்தான் கெட்டிக்காரன். ஹட்டனில் நடந்த ஒரு போட்டிக்கு ஜில்லா அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்திருந்தார்கள். கடைசி ஓவர், ஐந்து ஓட்டம் வேண்டும், எதிர்முனையில் நான். வேறு வழியில்லாமல் யோகன் தூக்கினான். பந்து எல்லைக்கு அப்பாலிருந்த தேயிலைப் பக்கம் பறந்தது. அவ்வளவுதான், மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடக்கத் தொடங்கிவிட்டான். பந்தோ எல்லைக்கு முன்னாலேயே ஆளில்லாத இடத்தில் விழுந்தது. "டேய் யோகா, ஓடுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் திரும்புவதற்குள் விக்கெட்டைத் தட்டிவிட்டார்கள்.

"ரூலே தெரியாதவனுங்களுக்கு ஜில்லா டீம் கேக்குது" என்று வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். "காலு தானா நடந்துருச்சுடா" என்றான் யோகன். இப்போது கொழும்பில் ஒரு கடையில் மூட்டை தூக்குகிறான். அவுட் என்று தப்பாக நினைத்து நடப்பவனை நடுவர் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று கிரிக்கெட் சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே வந்துதான் படித்தேன். அன்றைக்கு அதை எடுத்துச் சொல்ல எங்கள் பக்கம் ஒருத்தரும் இல்லை.

இந்த ஞாயிறு இரண்டாவது ஓவரிலேயே தூக்கினேன், இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து. பந்து வேலி தாண்டியது. கைதட்டல் கேட்டுத்தான் பார்க்கிறேன்: மட்டை என் கக்கத்தில். பாதித் தூரம் வெளியே நடந்திருக்கிறேன்.

"மேட், எங்கே போகிறாய்? அது சிக்ஸ்! ரூல் தெரியாதா?" கிரெக் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எந்த ஊரு ரூலுடா?" என்று தமிழிலேயே கத்தினேன். சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்து அவன் கட்டைவிரலை உயர்த்தினான். திரும்பி வந்து கோட்டில் நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா சிரித்தபடி பந்தை எறிந்தார். என் கண் அவர் காலடியில் ஒடிந்த செடியைத் தேடிக்கொண்டிருந்தது.