கழற்றிய கை

வெட்டிய கை அல்ல அது, கழற்றிய கை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் மாடிவீட்டுக்காரி தெருமுனை வரைக்கும் வாயை வாடகைக்கு விட்டால், அதற்குக் கிறுக்கி என்ன செய்வாள்? கிறுக்கி என்று பேர் வைத்ததும் அந்த மகராசிதான். காகிதம் கண்ட இடமெல்லாம் கிறுக்குகிறாளாம், அதனால் கிறுக்கியாம். போகட்டும், பேர் ஒட்டிக்கொண்டது, இப்போது பெற்ற அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறாள். ஆனால் "பையில ஆள் கையோட அலையுறா" என்று சொன்னால் அதில் பாதிகூட உண்மை இல்லை.

அவளுக்குத் துணிக்கடையில் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மைகளுக்குச் சட்டை மாட்டுவது. பொம்மை தானாகக் கையை மடக்கித் தராது. மணிக்கட்டைத் திருகிக் கழற்றினால்தான் சட்டைக்கை உள்ளே போகும். கழற்றியதைக் கூடையில் போடுவாள். சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் ஊர்க்கதை பேச, இவள் பழைய பில் தாளின் பின்பக்கத்தில் அந்தப் பொம்மைகளை வரைவாள். ஆறு வருஷம் இப்படி. முகம் வந்தது, தோள் வந்தது, துணியின் மடிப்பு உதறிப் போட்ட மாதிரி வந்தது. கைதான் வரவில்லை. கையெல்லாம் கூடையில் கிடந்தால் எப்படி வரும்? அவள் வரைந்த ஆட்கள் அத்தனை பேரும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

புதிதாக வரைகிறவர்களுக்கு ஒரு வருஷம் அறையும் சம்பளமும் தருகிற ஓவியக்கூடம் ஒன்று தூரத்து நகரத்தில் இருந்தது. பத்துப் படத்தைச் சுருட்டி அனுப்பினாள். பதில் வந்தது. படங்கள் பிடித்திருக்கின்றன, இவர்களுடைய கைகள் எங்கே? கை தெரிகிற படம் ஒன்று மாதக் கடைசிக்குள் வந்தால் இடம் உனக்கு, வராவிட்டால் வேறு ஆளுக்கு.

அன்றைக்குத்தான் கடை மேலாளரிடம் கேட்டு, கூடையிலிருந்து ஒரு கையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். டிபன் பாக்ஸ் எடுக்கப் பைக்குள் கையை விட்ட அம்மாவுக்கு, உள்ளேயிருந்து யாரோ கை கொடுத்தார்கள். அலறல் மாடிக்குக் கேட்டது. மீதியை மாடி பார்த்துக்கொண்டது.

மூன்று நாள் உட்கார்ந்து வரைந்து அம்மாவிடம் காட்டினாள்.

"ரெண்டும் இடது கைடி. இவன் எந்தக் கையால பல்லு விளக்குவான்?"

இருந்தது ஒரே கை, அதையே இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தாள். திருத்தி வரைந்தாள். அம்மா அதையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு நாளும் ஒரு பாத்திரம் கழுவாத கை."

கிறுக்கிக்குச் சுருக்கென்றது. "அப்ப உன் கையைக் காட்டும்மா."

அம்மா சட்டென்று இரண்டையும் சமையல் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டாள். வெடிப்பும் சூட்டுத் தழும்புமாக இருக்கிறதை ஊர் பார்க்க வேண்டுமா என்றாள். வேலை செய்கிறபோது பார்த்துக்கொள், உனக்காக உட்கார மாட்டேன் என்றாள். பிடிவாதத்தில் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் இளைத்தவர் இல்லை.

அம்மாவின் கை ஓரிடத்தில் நிற்குமா? பூண்டு உரிக்கிற கையை வரைய உட்கார்ந்தால் அது துணி பிழியப் போயிருக்கும். கட்டைவிரல் முடிவதற்குள் கையே காணாமல் போகும். மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது கிறுக்கி துரத்துவதை விட்டாள். தாளின் நடுவில் அம்மாவை நிறுத்தி, உரித்த கை, பிழிந்த கை, தலை சொறிந்த கை என்று அகப்பட்டதையெல்லாம் அவள் தோளிலேயே மாட்டிவிட்டாள். மாட்டுவதுதான் அவளுக்குத் தெரிந்த தொழிலாயிற்றே. மொத்தம் பதினொன்று.

எட்டிப் பார்த்த மாடிவீட்டுக்காரி எட்டுக்கால் பூச்சி என்றாள். எண்ணத் தெரியாதவளிடம் என்ன பேச?

அம்மா எண்ணிப் பார்த்தாள். "பன்னண்டாவது எங்கடி?"

"துண்டுக்குள்ள இருக்கு."

அந்தப் படத்துக்குத்தான் இடம் கிடைத்தது. பொம்மைக் கை கூடைக்குத் திரும்பியது. கிளம்புகிற அன்று மாடிவீட்டுக்காரி நகச்சாயம் பூசிக்கொண்டு இறங்கி வந்து, திரும்பி வரும்போது தன் கையையும் ஒரு தடவை வரைய முடியுமா என்று கேட்டாள். கிறுக்கி வரைகிறேன் என்றாள்.

அம்மா கதவோரம் நின்றாள், துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு, கிறுக்கி முன்பு வரைந்த ஆட்கள் மாதிரியே.

"கை காட்ட மாட்டியாம்மா?"

"வெளியே எடுத்தா உன்னைப் பிடிச்சு இழுத்துரும். நீ போ."

கிறுக்கி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.