பார்வதி உட்கார்ந்த மூன்று நாள்

பழைய எட்டு முழ வேட்டியை நான்காக மடித்து, மூச்சை உள்ளிழுத்து, அடிவயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள் பார்வதி. தையலின் மேல் துணி சுருங்கக் கூடாது, அரிக்கும். முடிச்சும் போடக் கூடாது, படுத்தால் குத்தும். நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். ஆபரேஷன் ஆகி அது பத்தொன்பதாவது நாள். கை பழகியிருந்தது.

செருகி முடிப்பதற்குள் மாமியார் வீரம்மாள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சந்திரா உட்கார்ந்துட்டாளாம், சொல்லிவிட்டிருக்கா. நீ போயி மூணு நாளைக்கு அவ வீட்டுல பொங்கிப் போட்டுட்டு வா."

சந்திரா வீரம்மாளின் மகள். நெய்வேலியிலேயே, இரண்டு தெரு தள்ளி, சுரங்கத்தில் வேலை பார்க்கும் புருஷன் துரைராஜோடு குவார்ட்டர்ஸில் இருந்தாள். உட்காருவது என்றால் தூரம். மாதத்தில் அந்த மூன்று நாளும் பாய், தட்டு, டம்ளர் என்று தனியாக எடுத்துக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போய்விட வேண்டும். யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் தலைக்குக் குளிக்க வேண்டும்.

"நானா, அத்தை?"

"பொறவு யாரு? எனக்கு முட்டுவலி. உனக்குத்தான் இனிமே தூரம் கீரம் ஒண்ணும் கெடையாதுல்லா. முப்பது நாளும் சுத்தம். கொடுத்து வச்சவ."

பார்வதிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பதினேழு வயதில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சங்கரலிங்கத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருஷம். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தார்கள். கடைசி இரண்டு வருஷமாக அவளுக்கு மாதத்தில் பதினைந்து நாள் ரத்தப்போக்கு. ஆனால் அந்த வீட்டில் தூரம் என்பது மூன்றே நாள்தான். நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டால் சுத்தம். நின்றுவிட்டதா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதினைந்து நாள் யார் சமைப்பது? அவளும் சொல்லவில்லை. ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்த அளவு ஆறு கிராம்தான் இருந்தது. கர்ப்பப்பையில் தேங்காய் அளவுக்குக் கட்டி. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, பையை எடுத்தார்கள். மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

சொன்னதைச் சொன்னபடி வீட்டில் சொல்லியும், பார்வதி சந்திரா வீட்டுக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. அங்கே துரைராஜின் ஊரிலிருந்து ஆறு பேர் வந்து தங்கியிருந்தார்கள். பத்துப் பேருக்கு உலை வைத்து, கொதிக்கும் பானையை இறக்கி, கவிழ்த்துக் கஞ்சி வடித்தாள். வடிக்கும்போதே உள்ளே எதுவோ இழுத்தது. இரண்டாம் நாள் மாலை புதுரத்தம் பட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு லேசாகப் பழுப்பு நிறத்தில் படுவது சகஜம், பயப்பட வேண்டியதில்லை. நின்று போனபின் புதிதாகச் சிவப்பாகப் பட்டால் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. பார்வதி யோசிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நல்லவேளை, தையல் விடவில்லை. மூன்று நாள் படுக்க வைத்தார்கள். வார்டு ஆயா தனகோட்டிக்குத்தான் ஆத்திரம். நெய்வேலிப் பக்கத்து ஊர்க்காரி, வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறவள்.

"இன்னாம்மா இது? நேத்து கட்டின செவுத்து மேல யாராச்சும் மூட்டைய அடுக்குவாங்களா? வெளித் தையல்தான் காஞ்சிகினு வருது. உள்ள இன்னும் பச்சையாத்தான் கெடக்குது."

"இனிமே எனக்குத் தூரம் இல்லையாம். அதனால நான்தான் எல்லாருக்கும் பொங்கணுமாம்."

"யாரு சொன்னது இல்லன்னு? பையத்தான் எடுத்தாங்க. முட்டப்பை ரெண்டும் உள்ளதான் இருக்குது, டாக்டரம்மா சொன்னாங்கல்ல? அதுங்க மாசாமாசம் அதுங்க வேலைய பாத்துகினுதான் இருக்கும். மாரு கனக்கும், இடுப்பு கடுக்கும், யாரைப் பாத்தாலும் எரிச்சலா வரும். போக்கு மட்டும் இருக்காது."

"அப்போ அது தூரமா, இல்லையா?"

"அத என்னைக் கேட்டா? அது உங்க வூட்டுச் சட்டம். இத்தினி நாளா எப்படி முடிவு பண்ணிகினு இருந்தீங்க?"

பார்வதி கொஞ்சம் யோசித்தாள். "நான் தூரம்னு சொல்லுவேன். அவங்க ஒதுங்குவாங்க."

"அவ்ளோதானா?" என்றாள் தனகோட்டி. "சொல்றதுக்கு வாய் வேணும். அத ஒண்ணும் ஆபரேசன்ல எடுக்கலியே."

அடுத்த மாதம் வந்தது. ஆபரேஷன் ஆகி நாற்பத்தேழு நாள். டாக்டரம்மா சொன்ன மூன்று மாதத்தில் பாதிதான் கழிந்திருந்தது. முந்தின நாளிலிருந்தே பார்வதிக்கு மார் கனத்தது, இடுப்பு கடுத்தது. மதியம் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் வீரம்மாள் வந்து நின்றாள்.

"சந்திரா உட்கார்ந்துட்டா. கெளம்பு."

பார்வதி கையைத் துடைத்தாள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள். தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு மாமியாரைத் தாண்டிப் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போய்ப் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

"நானும் உட்கார்ந்துட்டேன், அத்தை."

"என்னட்டி சொல்லுத?"

"தூரம்."

"அறுத்து ஆஸ்பத்திரியில போட்டுட்டு வந்தாச்சு. எங்கன இருந்துட்டி வரும் உனக்குத் தூரம்?"

"இருபத்திரண்டு வருசமா நான் சொன்னதும் ஒதுங்குனீங்க. ஒருநாளாவது எங்கேருந்து வருதுன்னு கேட்டீங்களா?"

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்."

"ரெண்டு வருசமா மாசம் பதினஞ்சு நாள் போக்கு எனக்கு. மூணு நாள்தான் இங்க உட்கார்ந்தேன். மிச்சப் பன்னெண்டு நாளும் அந்த உடம்போடதான் உங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டேன். அமாவாசைப் படையலும் அதுலதான். அப்பக் குத்தாத சாமி இப்பவா குத்தப்போவுது?"

எத்தனை அமாவாசை என்று வீரம்மாள் மனதுக்குள் விரல் மடக்கியிருக்க வேண்டும்.

முதல் ஷிப்ட் முடிந்து சங்கரலிங்கம் உள்ளே வந்தது அப்போதுதான். சைக்கிள் சாவி இன்னும் கையில் இருந்தது.

"ஏல, உன் பொண்டாட்டி புளுகுதா. சந்திரா வீட்டுக்குப் போவாம இருக்கதுக்கு தூரம்னு வந்து உட்கார்ந்திருக்கா."

அவர் தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தார். போன மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்தான். அது இன்னும் மறக்கவில்லை. அம்மாவை எதிர்த்தும் அவருக்குப் பழக்கமில்லை. சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

பார்வதி உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள்.

"புளுகுன்னா வந்து தொடுங்க, அத்தை. கையைப் பிடிச்சு எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க. வரேன்."

வீரம்மாள் இரண்டு எட்டு முன்னால் வைத்தாள். நின்றாள். இவள் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மெய்யாக இருந்துவிட்டால், தொட்ட கையோடு தலைக்கு ஊற்ற வேண்டும். அவளுக்கு நாலு நாளாகச் சளி. நீட்டிய கையைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று எட்டு பின்னால் போனாள்.

சங்கரலிங்கம் தொண்டையைச் செருமினார். "துரைராஜுக்குக் கை இல்லையாம்மா? அவன் வடிக்கட்டும் கஞ்சிய."

"ஆம்பளைய அடுப்படிக்கு விடச் சொல்லுதியோ?"

"சுரங்கத்து கேன்டீன்ல ஆம்பளைங்கதான் சமைக்கிறாங்க, அத்தை," என்றாள் பார்வதி தாழ்வாரத்திலிருந்து. "இவங்க ரெண்டு பேரும் பத்தொன்பது வருசமா அதைத் தின்னுட்டு உசுரோடதான இருக்காங்க."

சங்கரலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாமலிருக்கக் குனிந்து செருப்பைக் கழற்றினார். அதுவரை கழற்றியிருக்கவில்லை.

அன்று தொடங்கி மாதா மாதம் மார் கனத்தபோதெல்லாம் பார்வதி பாயை எடுத்தாள். தெருவில் சிரித்தார்கள். கர்ப்பப்பை எடுத்தவள், எப்போதும் சுத்தம் என்று ஊறுகாய் போடவும் பால்குடம் எடுக்கவும் கூப்பிட வந்தவர்களிடம், "எனக்குத் தேதி பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றாள். வருஷம் பதினொன்று ஆனது. ஐம்பதாவது வயதில் ஒருநாள், "எனக்கு நின்னு போச்சு" என்று அவளே அறிவித்தாள். அதையும் யாரும் சோதிக்கவில்லை.

ஆனால் அந்த முதல் தடவை, மறுநாள் காலையில், சங்கரலிங்கத்துக்கு வாராந்தர லீவு. ஸ்டவ்வைப் பற்றவைத்து உப்புமா கிண்டினார். தட்டைத் தாழ்வாரத்து விளிம்பில் வைத்து ஒரு குச்சியால் தள்ளிவிட்டார். உப்பு இல்லை என்றாள் பார்வதி. உப்பு ஜாடியோடு வந்தார். உப்புமா அடியில் கட்டி தட்டியிருந்தது. முழுவதையும் சாப்பிட்டாள்.

வீரம்மாள் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். துரைராஜ் முந்தைய இரவு அரிசியைக் கழுவாமலே உலையில் போட்டானாம். கேட்டைத் திறந்தபோது, தனக்குப் பின்னால் பார்வதியும் செருப்பு மாட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தாள்.

"தூரமானவ தெருவுல நடக்கலாமாட்டி?"

"தினமும் நடக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

வீரம்மாள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு முன்னால் போனாள். பார்வதி பத்தடி தள்ளிப் பின்னாலேயே போனாள். நிமிர்ந்து, அவசரமில்லாமல், கையில் ஒன்றும் இல்லாமல். தெருமுனை வந்தது. மாமியார் சந்திரா வீட்டுப் பக்கம் திரும்பினாள். மருமகள் நேராக நடந்தாள்.