இருபத்திரண்டாம் நோன்பில் ஒரு துண்டு மாம்பழம்

வெள்ளவத்தைச் சந்தையில் ஜெஸீமாவிடம் மாம்பழம் வாங்க வருகிறவர்கள் முதலில் விலை கேட்பதில்லை, நாளைத்தான் சொல்வார்கள். "செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு அஞ்சு பழம்" என்பார்கள். அவள் ஒவ்வொரு பழமாக எடுத்து, காம்பு முறிந்த இடத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை அரைவாசி மூடி, "இது செவ்வாய்க்கு. இந்த ரெண்டும் திங்கள் ராவைக்கே பழுத்துப் பெய்த்துடும், அதுக்குள்ள வெட்டிருங்க" என்பாள். சொன்ன நேரத்துக்கு வெட்டினால் பழம் கத்திக்காகவே காத்திருந்ததுபோல இருக்கும். முப்பது வருட வியாபாரம். கலியாணத்துக்குச் சாத்திரியாரிடம் நாள் பார்த்துவிட்டு, விருந்துப் பழத்துக்கு ஜெஸீமாவிடம் வந்து நாள் பார்த்தவர்களும் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. புதுப்பெட்டி உடைத்தால் ஒரு பழத்தை வெட்டி, முதல் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த துண்டைக் கத்தி நுனியில் வைத்து வாடிக்கையாளரிடம் நீட்டுவாள். தான் தின்று பார்க்காததை இன்னொருவரிடம் நீட்டக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அதை மீறச் சொல்லி யார் கெஞ்சினாலும் நடக்காது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து, ஐந்தாம் நாள் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மணம் என்று ஒன்றும் இல்லை. நாக்கில் இனிப்பு, புளிப்பு, உப்பு என்று ஏதோ தட்டும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டால் மாம்பழமும் பப்பாசியும் சீனி கரைத்த தண்ணீரும் அவளுக்கு ஒன்றுதான். காது மூக்கு தொண்டை டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றார். "இத செல்ல டொக்டருக்குப் படிக்கோணுமா?" என்று திரும்பி வரும் வழியெல்லாம் அவள் புருஷனிடம் பொரிந்து தள்ளினாள். அன்று இரவு அழுதாள்.

புருஷன் முர்ஷித்தைத் தவிர வேறு யாருக்கும் அவள் இதைச் சொல்லவில்லை. பழத்தின் தோள்பட்டை எவ்வளவு உருண்டிருக்கிறது, பெருவிரலுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது, கையில் எவ்வளவு கனக்கிறது என்று பார்த்தே நாள் சொன்னாள். பத்தில் ஒன்பது சரியாகவே வந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவதை மட்டும் வாடிக்கையாளருக்காகச் செய்தாள். துண்டு வெட்டி வாயில் போட்டுத் தலையாட்டுவதையும் விடவில்லை. கை பழகிய வேலை, அது பாட்டுக்கு நடந்தது.

ஆனால் மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது அவளுக்கு நெஞ்சு கனத்துப் போகும். அது அவளுடைய காலம். மழை விட்டு, காலி வீதிக்கு அந்தப் பக்கம் கடல் தட்டையாகக் கிடக்கும். எங்கிருந்தோ ஒரு குயில் விடாமல் கத்தும். தட்டில் ரோசா நிறத்தில் ஜம்புப் பழம் குவியும். முந்திரிக்கொட்டையோடு கஜுப்பழம் வந்து ஒரே நாளில் அழுகிப் போகும். நோன்புத் தாகத்துக்கென்று லொறி லொறியாக வத்தகப்பழம் இறங்கும். முன்பெல்லாம் அவள் காலையில் கடைச் சாக்கை விலக்கியதும் ஒரு நிமிடம் சும்மா நின்று மூச்செடுப்பாள். அதற்கே "அல்ஹம்துலில்லாஹ்" என்பாள். இப்போதும் வந்த பெட்டியைத் திறந்தவுடன் பிடிவாதமாக முகத்தை உள்ளே விடுவாள். வைக்கோலும் பழமும் கண்ணுக்கு முன்னால் இருக்கும், மூக்குக்கு வெறுங்காற்று. மூடியைப் பக்கத்தில் எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

நோன்பு மாதத்தில் அவள் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் பழம் விற்பாள். தொற்று நோய்க்காக அல்ல, தன் கைக்காக. வெட்டிய துண்டு தானாக வாய்க்குப் போய்விடும் என்ற பயம். இதுவரை ஒவ்வொரு வருடமும் முப்பது நோன்பிலும் முகக்கவசம் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த மாதத்தில் மட்டும் சட்டத்துக்கு விடுமுறை, வாடிக்கையாளர்தான் தின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

இருபத்திரண்டாம் நோன்பு அன்று, பருவத்துக்கு ஒரு மாதம் முந்தி, யாழ்ப்பாணத்து பஸ்ஸில் ஒரேயொரு பெட்டி கறுத்தக்கொழும்பான் வந்தது. பழுத்தாலும் தோல் பச்சையாகவே நிற்கிற மாம்பழம், தெரியாதவர்கள் காய் என்று விட்டுவிட்டுப் போவார்கள். ஜெஸீமா பெட்டியை உடைத்து, வழக்கம்போல முகத்தை உள்ளே விடுவதற்காக முகக்கவசத்தைக் கழற்றித் தராசில் வைத்தாள். ஒன்றும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து உஷாந்தி வந்தாள். காலி வீதி வங்கியொன்றில் வேலை செய்கிற பிள்ளை, மத்தியான இடைவேளையில் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"அக்கா, கறுத்தக்கொழும்பான் வந்திட்டுதாமே! ஞாயிற்றுக்கிழமை தம்பி லண்டனால வாறான். வந்து இறங்கின உடனே இதைத்தான் கேப்பான். ஞாயிறு பின்னேரத்துக்கு நாலு பழம் பாத்துத் தாங்கோ."

"இப்பதான் தங்கச்சி பெட்டிய உடச்ச. நீங்கதான் மொத ஆள்" என்று சொல்லிக்கொண்டே ஜெஸீமா நன்றாகப் பழுத்த ஒன்றை எடுத்துக் கன்னத்தைச் சீவினாள். உள்ளே சதை செம்மஞ்சளாக இருந்தது. முதல் துண்டைத் தன் வாயில் போட்டாள்.

முதலில் தோலை ஒட்டிய ஒரு சின்னப் புளிப்பு. அது தினமும் வருகிறதுதான். பிறகு தொண்டையின் பின்பக்கமாக ஏதோ ஒன்று மேலே ஏறியது. பால் மணம், அதற்குள் லேசாகக் கற்பூரம் மாதிரி ஒரு காரம், அதற்கும் பின்னால் வெயிலில் காய்ந்த மரப்பட்டையின் வாசம். அவள் விழுங்கினாள். என்ன நடக்கிறது என்று யோசிக்கக்கூட இல்லை. கை இன்னொரு துண்டை வெட்டியது, வாய் வாங்கிக்கொண்டது. மாம்பழம்! இது மாம்பழம்! இரண்டு வருடமாக மாம்பழம் என்று பெயர் வைத்துத் தின்றதெல்லாம் ஒன்றுமில்லை, இதுதான். அவளுடைய கையிலிருந்த மயிரெல்லாம் எழும்பி நின்றது.

"ஐயோ அக்கா!" என்றாள் உஷாந்தி. "உங்களுக்கு நோன்பெல்லோ!"

ஜெஸீமா அப்படியே நின்றாள். இரண்டாவது துண்டு நாக்கில் இருந்தது, இன்னும் மெல்லவில்லை. இரண்டு வருடம் தொழுகைக்குத் தொழுகை கேட்டது வாய்க்குள் கிடக்கிறது. நினைவு வந்த பிறகு அதை விழுங்க முடியாது. அவள் குனிந்து உள்ளங்கையில் துப்பினாள். பிள்ளை பெற்றவள், தகப்பனை அடக்கம் செய்யக் கொடுத்தவள், இவ்வளவு கஷ்டமான ஒரு வேலையை அவள் செய்ததில்லை.

உஷாந்திக்கு முகம் வெளிறிவிட்டது. "நான் முதலே சொல்லியிருக்கலாம் அக்கா. உங்கட கையை நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான், எனக்கும் டக்கெண்டு விளங்கேல்லை. நோன்பு முறிஞ்சிட்டுதோ?"

"இல்ல தங்கச்சி, மறந்து திண்டா முறியாது. அது அல்லா ஊட்டினதுண்டுதான் செல்லுவாங்க."

சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டு, ஆயிரம் தடவை பிள்ளைகளுக்குச் சொன்ன பேச்சு. இன்றைக்குத் தன் வாயிலிருந்து அது வரும்போது ஜெஸீமாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் கவளம் அவளாக எடுத்துத் தின்றாள், ஒன்றிலும் ஒன்றுமில்லை. அல்லா ஊட்டிய ஒரு துண்டில் எல்லாம் இருந்தது. அவள் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். நோன்பை நினைத்துத்தான் அக்கா இப்படிக் கலங்குகிறாள் என்று எண்ணி உஷாந்தி திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். ஜெஸீமா அவளுடைய கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்து, ஞாயிறு பின்னேரத்துக்கு நாலு பழம் பெருவிரலால் பார்த்து எடுத்துக் கொடுத்தனுப்பினாள்.

பிறகு வாய் கொப்பளித்தாள். கொப்பளித்த தண்ணீரோடு அந்த மணமும் போயிற்று. அவசரமாக வெட்டிய பழத்தை எடுத்து மூக்கோடு வைத்து இழுத்தாள். முகர்வதால் நோன்புக்கு ஒன்றும் ஆகாது. இழுத்தாள், இன்னொரு தரம் இழுத்தாள். வெறுங்காற்று. ஜம்புவை நசுக்கிப் பார்த்தாள். கொய்யாவைப் பிளந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. மனம் செய்த வேலையா அது? ஆசை முற்றிப் போனால் இப்படியும் வருமா? மூக்கில் வராதது வாயில் எப்படி வந்தது? இனி வாயில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். மணி ஒன்று பத்து. நோன்பு துறக்கிற மஃரிப் பாங்குக்கு இன்னும் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக நோன்பு பிடிக்கிறவளுக்குப் பசி ஒரு பொருட்டல்ல. ஆனால் அன்று பின்னேரம் அவளுக்கு உலகம் முழுவதும் வாயாகத் தெரிந்தது. மூட்டை இறக்குகிறவன் ஒருவன் ஜம்புவில் உப்புத் தொட்டுக் கடித்துக்கொண்டு போனில் பேசினான். பள்ளிக்கூடம் விட்டு வந்த மூன்று பெண்பிள்ளைகள் மாங்காயை மிளகாய்த்தூளில் புரட்டித் தின்று, சீச்சீ என்று கண்ணீர் விட்டுச் சிரித்தார்கள். ஒரு கிழவர் தேநீர்க் கடை வாசலில் பாலில்லாத் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். யாரும் திகைத்து நிற்கவில்லை. யாரும் கையை உயர்த்தி நன்றி சொல்லவில்லை. இவ்வளவு பெரிய சங்கதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு எப்படி இவர்கள் பஸ்ஸுக்கு அவசரப்படுகிறார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு, நானும் இப்படித்தானே இருந்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலரைக்கே கடையைச் சாக்கால் மூடிவிட்டு, பையில் மூன்று கறுத்தக்கொழும்பானோடு பஸ் ஏறினாள். தெமட்டகொடையில் ரயில் பாதைக்குப் பின்னால் அவர்களுடைய வீடு. முர்ஷித் ஆட்டோ ஓட்டுகிறவர். நோன்பு மாதத்தில் நாலு மணிக்கே வண்டியை நிறுத்திவிட்டு வந்து கஞ்சி காய்ச்சுவார். அவளுக்கு மூக்குப் போனதிலிருந்து அடுப்படியை அவராகவே எடுத்துக்கொண்டார். அவள் வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் நடந்ததைச் சொன்னாள். அவர் அகப்பையைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"மெய்யாவா?"

"தெரியா. மனசு செஞ்ச வேலையோ என்னவோ. பொறகு மணந்து பாத்த, ஒண்டும் வரல்ல."

அவர் அகப்பையைக் கீழே வைத்தார். ஒரு பழத்தைக் கழுவி, தோல் சீவி, வெள்ளைத் தட்டில் அழகாக அடுக்கி அவளுக்கு முன்னால் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பழம் அடுக்குவதை அவள் பார்த்தாள். பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சிக் கோப்பை, மாம்பழம். இருவரும் பாயில் உட்கார்ந்து பள்ளிவாசல் பக்கம் காதை வைத்திருந்தார்கள். ரயில் ஒன்று போயிற்று.

பாங்கு சொன்னது. ஜெஸீமா பேரீச்சம்பழத்தைக் கடித்தாள். இனிப்பு. வெறும் இனிப்பு மட்டும்தான். தண்ணீர் குடித்தாள். முர்ஷித் தன் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மாம்பழத் தட்டைப் பார்த்தாள். கை போகவில்லை. இதிலும் ஒன்றும் வராவிட்டால் மத்தியானம் வந்தது பொய்யாகிவிடும். அந்தப் பயத்தில் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எந்த எதிர்பார்ப்பும் இல்லாத கஞ்சிக் கோப்பையை எடுத்தாள். ஒரு மிடறு குடித்தாள். இரண்டாவது மிடறு. மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். தொண்டைக்குப் பின்னாலிருந்து அது மெல்ல ஏறி வந்தது.

விழுங்கிவிட்டு, "இது அடிப்பிடிச்சீக்கி" என்றாள்.

"என்னது?"

"கஞ்சி. அடிப்பிடிச்சீக்கி. நல்லாக் கருகி ஈக்கி."

சமையலைக் குறை சொன்னால் சண்டைக்கு வருகிற மனிதர் அவர். இப்போது கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். 

"ஓ. டெய்லி அடிப்பிடிக்கும். போன நோன்புலயும் அப்படித்தான். அடுப்ப எப்படிக் கொறச்சாலும் பிடிக்கும். நீங்க ஷோக்குண்டு செல்லிச் செல்லிக் குடிச்சீங்க. கருகின மணமும் ஒங்களுக்கு வரல்லண்டு நான் எப்படிச் செல்ற?"

"ரெண்டு நோன்பா இதையா நீங்களும் குடிச்ச?"

"வேற என்ன செய்ய."

ஜெஸீமா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடியும் குடித்தாள். கருகலுக்குக் கீழே தேங்காய்ப்பால் இருந்தது. இஞ்சி இருந்தது. ரம்பை இலை இருந்தது. வெந்தயம் கசந்துகொண்டு கடைசியில் வந்தது. ஒவ்வொன்றாக அவள் அடையாளம் கண்டாள். ஒவ்வொன்றுக்கும் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, அவள் துடைக்கவில்லை. எதிரே முர்ஷித் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். பேரீச்சம்பழம் இன்னும் அவருடைய கையில்தான் இருந்தது. அவர் நோன்பு துறக்கவே இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"மொதல்ல அத வாய்ல போடுங்க" என்றாள். பிறகு வெறுங் கோப்பையை அவர் பக்கம் நீட்டினாள். "எனக்கு இன்னம் ஒரு கோப்ப ஊத்துங்க. அடில பிடிச்சீக்கிறதையும் சொரண்டிப் போடுங்க."