எங்கள் மைதானத்தில் ஜேசிபி

எங்கள் பாளையங்கோட்டைக் கல்லூரியின் மகளிர் கால்பந்து அணி அந்த ஆண்டு ஒரு போட்டியில்கூடத் தோற்கவில்லை. கோப்பை வாங்கிய மறுவாரம், எங்கள் படம் போட்ட பெரிய பேனர் கல்லூரி வாசலில் ஏறியது. ‘மாணவியர் சேர்க்கை நடைபெறுகிறது’ என்று கீழே எழுதியிருந்தார்கள். பெருமையாக அண்ணாந்து பார்த்துவிட்டு, பயிற்சிக்கு உள்ளே போனோம்.

மைதானத்தை ஜேசிபி தோண்டிக்கொண்டிருந்தது. கோல் கம்பங்களைப் பிடுங்கிச் சுவரோரம் போட்டிருந்தார்கள். புதுக் கட்டடம் வருகிறதாம். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல்வரிடம் ஓடினேன்.

“அதான் ஜெயிச்சாச்சுல்லா? இனிமே படிப்பப் பாருங்க” என்றார்.

திரும்பி வந்தபோது ஜேசிபி ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு எங்களிடம் வந்தார்.

“வாசல்ல படத்துல இருக்கது நீங்கதானம்மா? அந்தப் பக்கம் பாதிய இன்னும் தொடல. நான் டீ குடிச்சிட்டுப் பைய வாரேன். அதுவரைக்கும் விளையாடுங்க.”

எங்கள் கேப்டன் ஸ்டெல்லா கடற்கரை ஊர்க்காரி, காலில் தையல் போட்டபோதுகூட அழாதவள்.

“வேண்டாம் அண்ணாச்சி, நீங்க வேலயப் பாருங்க” என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

அன்று எங்களை விளையாடச் சொன்னவர், மைதானத்தைத் தோண்ட வந்த அந்த ஒருவர் மட்டும்தான். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.