ஒற்றைக் கைக்கு ஒரு ஹேண்டில்பார்

ஆரணியில் எங்கள் தெருவில் அருணகிரி என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். தறியில் உட்கார்ந்திருப்பவரைத் தறி அருணகிரி என்போம். புல்லட் வைத்திருந்தவர் பெங்களூர் அருணகிரி. நான் சொல்ல வந்தது பெங்களூர் அருணகிரியைப் பற்றி.

அவரும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்து நெய்கிற பொறுமை அவருக்குக் கிடையாது. சின்ன வயதிலேயே ஒரு பட்டு முதலாளியிடம் சேர்ந்துகொண்டார். பக்கத்து முள்ளிப்பட்டு நெசவு வீடுகளுக்குப் பட்டையும் ஜரிகையையும் கொண்டுபோய்க் கொடுப்பார். நெய்து முடித்த புடவைகளை வாங்கி வந்து வெளியூர்க் கடைகளில் சேர்ப்பார். மற்றவர்கள் பஸ்ஸில் மூட்டையோடு நெரிசலில் போனபோது அவர் பழைய புல்லட் ஒன்றை வாங்கி, இரண்டு பக்கமும் தகரப் பெட்டி மாட்டி, பெங்களூர், கோலார், சேலம், சில சமயம் மைசூர் வரைக்கும் வண்டியிலேயே போய் வந்தார். போன ஊரில் ஒரு வேலையும் இல்லாவிட்டாலும் திரும்பி வரும்போது புது வழியாகத்தான் வருவார். அவர் மனைவி லீலா வீட்டில் நெய்தாள். பிள்ளைகள் இல்லை.

தொண்ணூற்றேழாம் வருஷம் தை மாதம், சேலத்திலிருந்து திருவண்ணாமலை, போளூர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். பொழுது சாய்கிற நேரம். களம்பூர் தாண்டியதும் உமி ஏற்றிய லாரி ஒன்று ஓரத்திலிருந்து சட்டென்று ரோட்டில் ஏறியது. அருணகிரி பிரேக் போட்டார். வண்டி லாரியின் பின்சக்கரத்தில் மோதி நின்றது. அவர் நிற்கவில்லை. உடம்பு ஒரு பக்கம் தூக்கியெறியப்பட்டது, வலது கை மட்டும் ஹேண்டில்பாரை விடாமல் பிடித்திருந்தது. அந்த ஒரு நொடி கையை விட்டிருந்தால் கை பிழைத்திருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் படுத்திருந்தார். விலா எலும்பு சேர்ந்தது, தோள் எலும்பு சேர்ந்தது, கை மட்டும் அசையவில்லை. கழுத்திலிருந்து கைக்கு வருகிற நரம்புகள் தண்டுவடத்திலிருந்தே வேரோடு பிடுங்கிக்கொண்டன என்று டாக்டர் விளக்கினார். தறிப் பாவில் இழை அறுந்தால் முறுக்கிப் பிணைத்துவிட்டு மேலே நெய்கிறவள் லீலா. இதையும் பிணைக்க முடியாதா என்று கேட்டாள். பிணைப்பதற்கு அந்தப் பக்கம் முனையே இல்லையம்மா என்றார் டாக்டர்.

கை போனதை அருணகிரி தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வலி. அந்தக் கையைக் கிள்ளினால் தெரியாது, சுட்டால் தெரியாது. ஆனால் உள்ளே விரல்கள் பகலும் இரவும் எரிந்தன. கொதிக்கிற சாயக் கொப்பரையில் கையை முக்கி, வெளியே எடுக்கவிடாமல் ஒருவன் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். மாத்திரை சாப்பிட்டால் வாயோரம் எச்சில் வழியத் தூங்குவார். எழுந்தால் எரிச்சல் அங்கேயே காத்திருக்கும். கையை வெட்டி எடுத்துவிடச் சொல்லி வேலூருக்குப் போய்க் கேட்டார். வெட்டினாலும் வலி போகாது, அது கையில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வண்டி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்து வீட்டுப் பின்பக்கம் நின்றது. லாரியில் மோதியதில் ஹேண்டில்பார் ஒரு பக்கம் மேலே மடங்கி, இன்னொரு பக்கம் டேங்கில் பதிந்திருந்தது. மற்றபடி பெரிய சேதமில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று லீலா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் விடவில்லை.

ஒருநாள் தறியில் இருந்தவளுக்கு வீடு அமைதியாக இருப்பது உறைத்தது. அவருடைய முனகல் இல்லை. பதறிப்போய்ப் பின்பக்கம் ஓடினாள். அவர் வண்டியின் மேல் உட்கார்ந்து, மடங்கிய ஹேண்டில்பாரின் இடது முனையைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனதுக்குள் ஆம்பூர், வாணியம்பாடி என்று ஒவ்வொரு வளைவாகப் போய்க்கொண்டிருந்தாராம். கிருஷ்ணகிரி வருவதற்குள் எரிச்சல் பாதியாகக் குறைந்திருந்ததாம்.

அதற்குப் பிறகு அவருக்கு வேறு நினைப்பே இல்லை. தெரிந்தவர்களின் வண்டிகளில் பின்னால் உட்கார்ந்து பார்த்தார், பஸ்ஸில் முன்சீட்டில் போய்ப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. தானே ஓட்டினால்தான் உண்டு என்று தெரிந்துபோயிற்று. கோட்டை மைதானத்துக்குப் பக்கத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த ஜெயச்சந்திரனிடம் போய், ஹேண்டில்பாரை மாற்றி எல்லாவற்றையும் இடது கைக்கே வைத்துத் தரச் சொன்னார். ஜெயச்சந்திரன் படவேடு பக்கத்துக்காரன், அந்த புல்லட்டை ஆரம்பத்திலிருந்து பார்த்தவன். முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டான். லீலாவும் வண்டிச் சாவியை எடுத்து ஒளித்துவைத்தாள்.

ஆவணி மாதம் ஒரு விடியற்காலையில் லீலா தண்ணீர் சேந்தப் போனாள். அருணகிரி கிணற்றின் கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டிருந்தார். அவள் கூச்சல் போடவில்லை. பின்னாலிருந்து சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் இறக்கினாள். இரண்டு பேரும் கிணற்றடி ஈரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது ஏறியதும் அவள் ஜெயச்சந்திரனைத் தேடிப் போனாள்.

அவன் அவளுக்குப் பொறுமையாகத்தான் சொன்னான்.

"அக்கா, ஒத்தக் கையில ஆக்ஸிலேட்டரும் கிளட்சும் பிடிச்சிகினு வண்டி ஓட்ட முடியாது. நாளைக்கு எங்கனா முட்டிகினாருன்னா இந்த வண்டியக் கட்டிக் குடுத்தவன் யாருன்னு என்னத்தான் கேப்பாங்க."

"காலையில கெணத்துல காலத் தொங்கப்போட்டுகினு உக்காந்திருந்தாரு," என்றாள் லீலா. "அவரு உள்ள போயிருந்தா யாரக் கேட்டிருப்பாங்க?"

ஜெயச்சந்திரன் அன்று மத்தியானமே வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

வேலை லேசாக முடியவில்லை. பழைய ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கிளாம்ப் போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் கழற்றினான். கடையில் கிடைக்கிற ஹேண்டில்பார் எதுவும் ஒற்றைக் கைக்கு உதவாது. அருணகிரியை ஷெட்டுக்கு வரவழைத்து, சீட்டில் உட்காரவைத்து, இடது கை தானாக எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்து, அதே மாதிரி கம்பியை வளைத்து அளவு எடுத்தான். அந்தக் கம்பியை வேலூருக்குக் கொண்டுபோய், பைப் வளைக்கிற பட்டறையில் கொடுத்துச் செய்து வாங்கினான். இடது பக்கம் உயர்ந்து பின்னோக்கி வந்திருக்கும், வலது பக்கம் குட்டையாக முடிந்துவிடும். பார்க்கக் கோணலாக இருந்தது. ஆக்ஸிலேட்டரை இடது பக்கம் மாட்டியதும் முறுக்குகிற திசை தலைகீழாகிவிட்டது, வேகத்தைக் குறைக்கத் திருப்பினால் கூடியது. அதைப் பிரித்து, கேபிளைக் கீழ்ப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து சரிசெய்தான். ஒரே கைக்குக் கிளட்ச், பிரேக் என்று இரண்டு லீவர் கொடுத்தால் குழம்பிவிடும் என்று முன் பிரேக்கை எடுத்துவிட்டான். இனி கால் பிரேக் மட்டும்தான்.

லீலா வலது கையைத் துணி நாடாவால் மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டாள். ஏரிக்கரையில் ஜெயச்சந்திரன் கூடவே ஓட, அருணகிரி இரண்டு தடவை விழுந்தார். மூன்றாவது நாள் கரையின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தார். முகமெல்லாம் வேர்வை. வண்டி ஓடுகிற வரைக்கும் வலி வரவில்லை என்றார். சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது.

அப்புறம் நாலைந்து வருஷம் எங்கள் தெரு அந்தச் சத்தத்தில்தான் விழித்தது. விடிந்ததும் கிளம்பிச் சந்தவாசல் வழியாகப் படவேடு போவார், ரேணுகாம்பாள் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தாமலே திருப்பிக்கொண்டு வருவார். நிறுத்தினால் எரிய ஆரம்பித்துவிடும். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு மீதிப் பகலை ஓட்டினார். முகம் மழித்துக்கொண்டார். முள்ளிப்பட்டுக்குப் பட்டு கொண்டுபோகிற வேலையை முதலாளி திரும்பக் கொடுத்தார். நாங்களெல்லாம் அருணகிரி பிழைத்துக்கொண்டார் என்று பேசிக்கொண்டோம். லீலா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவர் போன நேரத்திலிருந்து புல்லட் சத்தம் தெருமுனையில் கேட்கும்வரை அவள் தறியில் உட்கார்ந்திருப்பாள், ஆனால் இழையைக் குறுக்கே கொண்டுபோகிற தறி நாடா ஓடாது.

இரண்டாயிரத்து இரண்டில் ஐப்பசியில்தான் மழை வந்தது. சந்தவாசல் பக்கம் நாற்று நடவு நடந்துகொண்டிருந்தது. காலையில் பெண்கள் ரோட்டோரமாக வரிசையில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே வந்த பஸ் ஒரு மாட்டுவண்டியைத் தாண்டுவதற்காக இந்தப் பக்கம் ஏறியது. அருணகிரி ஒதுங்கினார். இரண்டு கை இருக்கிறவன் ஒதுங்கிவிட்டு உடனே நிமிர்த்தியிருப்பான். அவருக்கு ஒதுங்க முடிந்தது, நிமிர்த்த முடியவில்லை. காலால் மிதித்த பிரேக்கும் ஈரத்தில் பிடிக்கவில்லை. வரிசையில் கடைசியாகப் போன பாஞ்சாலையின் மேல் வண்டி ஏறி விழுந்தது.

பாஞ்சாலைக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. சொந்த நிலமும் இல்லை, நடவும் களையெடுப்பும்தான் சாப்பாடு. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அருணகிரிக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவர் எழுந்து நின்றதும் வலது கை எரிய ஆரம்பித்தது. அவள் அலறுகிறாள், தான் தன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று அவருக்கே தெரிந்ததாம். அதை அவர் லீலாவிடம் மட்டும்தான் சொன்னார்.

இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். கேஸ் வேண்டாம் என்று முடிந்தது. ஆஸ்பத்திரிச் செலவை அருணகிரி ஏற்றுக்கொண்டார். காலுக்குள் கம்பி வைத்தார்கள், ஆனாலும் கால் குட்டையாகிவிட்டது. சேற்றில் குனிந்து நிற்க இனி அவளால் ஆகாது.

கட்டுப் பிரித்த பிறகு அருணகிரியும் லீலாவும் பஸ்ஸில் அவள் வீட்டுக்குப் போனார்கள். கூரை வீடு. வாசலில் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். லீலா வாங்கிப்போன பழத்தைக் கட்டில்மேல் வைத்தாள். பிறகு பாஞ்சாலைதான் கேட்டாள், ஒரு கை இல்லாத ஆள் எதற்காக வண்டி ஓட்ட வேண்டும் என்று. திட்டுகிற மாதிரி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அருணகிரி சொன்னார். நரம்பு அறுந்தது, எரிச்சல், கிணறு, வண்டி ஓடினால் வலி தெரியாமல் இருப்பது, எல்லாவற்றையும் சொன்னார். அவள் அந்தக் கையைக் காட்டச் சொன்னாள். லீலா கையைக் கட்டியிருந்த துணி நாடாவை அவிழ்த்தாள். பாஞ்சாலை அவருடைய விரலை எடுத்து நகத்தால் அழுத்தினாள்.

"இது தெரியலியா?"

"தெரியல. உள்ளதான் எரியுதும்மா."

அவள் விரலை விட்டாள்.

"உங்களுக்கு வலி தாங்கலன்னு வண்டி ஓட்டினீங்க. இப்ப எனக்கு வலிக்குது. நான் எத்த ஓட்டறது?"

லீலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படவேடு போய்த் திரும்பி வருகிற பஸ்ஸுக்காக ரோட்டோரம் இரண்டு பேரும் வெகுநேரம் நின்றார்கள்.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஜெயச்சந்திரன் ஷெட்டுக்குப் போனார். ஹேண்டில்பாரைக் கழற்றிவிடச் சொன்னார். ஜெயச்சந்திரனும் அன்றைக்கு ஒடிந்துபோயிருந்தான். முன் பிரேக்கை மாட்டித் தருகிறேன், பக்கத்தில் ஒரு சக்கரம் சேர்த்துத் தருகிறேன், மெதுவாகப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தான். அருணகிரி கேட்கவில்லை.

"எடுத்துடு ஜெயச்சந்திரா. வீட்டுல இருந்தா மறுபடி ஓட்டுவேன். அவ்ளோ எரியுது."

அவன் கழற்றினான். அந்த ஹேண்டில்பார் வேறு எந்த வண்டிக்கும் ஆகாது. மற்ற பாகங்களைத் தனித்தனியாக யார் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். பிழைத்துக்கொண்டார் என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. இடது கையால் ராட்டை சுற்றி லீலாவின் தறிக்குக் குறுக்கிழையாக ஓடுகிற ஊடைப்பட்டு போட்டுக் கொடுத்தார். எரிச்சல் கூடும்போது ராட்டையை விட்டுவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்வார். தெருவில் நடந்தால் அடியை எண்ணுகிறவர் மாதிரி தரையைப் பார்த்தே நடப்பார். பேசினால் பாதியில் நிறுத்திவிடுவார். நாங்களும் போகப்போக அவரிடம் நிற்பதைக் குறைத்துக்கொண்டோம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச எங்களுக்குத் தெம்பில்லை. லீலா கிணற்றின் மேல் இரும்புக் கம்பி வலை போட்டாள்.

பாஞ்சாலை வேலூருக்குக் காலைக் காட்டப் போகிற நாட்களில் ஆரணியில் இறங்கி அவர்கள் வீட்டுக்கு வருவது உண்டு. யாரும் கூப்பிடவில்லை, அவளே வர ஆரம்பித்தாள். லீலா சாப்பாடு போடுவாள். எரியுதா என்று பாஞ்சாலை கேட்பாள், எரியுது என்பார் அவர். கால் எப்படி என்று அவர் கேட்பார், மழை வந்தால் குடைகிறது என்பாள். வேறு பேச்சு இராது. அவர் வலியைப் பற்றிக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு ஆறுதல் சொல்லாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான் என்று லீலா சொல்வாள்.

இரண்டாயிரத்து எட்டில் மஞ்சள் காமாலை வந்து பெங்களூர் அருணகிரி செத்துப்போனார். கடைசி வாரம் நினைவு தப்பியிருந்தது. அப்போதும் இடது கை வலது கையைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

சாவுச் செய்தி பாஞ்சாலைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. காரியம் நடந்த அன்று கோலை ஊன்றிக்கொண்டு வந்தாள். அவளால் தரையில் உட்கார முடியாது. பந்தியில் எல்லோரும் தரையில் இருக்க, லீலா உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, ஸ்டூலின் மேல் இலை வைத்து அவளுக்குப் பரிமாறினாள். உறவுக்காரர்கள் சிலர் யார் இவள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லீலா அவள் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அவளைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் கூட்டம். லீலா மேலே ஏறி, கால் முடியாதவங்க என்று சொல்லி ஒரு பையனை எழுப்பி அவளை உட்காரவைத்துவிட்டு இறங்கினாள். பஸ் கிளம்பியதும் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். பாத்திரங்கள் கழுவாமல் கிடந்தன.